ஒரே சம்பளம், மூன்று படி: சத்துவாச்சாரி வாடகை வீடு ஒன்றின் கணக்கு

போன தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தார். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருப்பவர். வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தார், வடக்கே ஃபீல்டில், அதாவது குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாத பணியிடத்தில் இருக்கிறார். நானும் இருபத்து நாலு வருஷம் ராணுவத்தில் கிளார்க்காகக் குப்பை கொட்டியவன். அதனால் சம்பளச் சீட்டில் ஏதாவது புரியவில்லை என்றால் அக்கம்பக்கத்துப் பட்டாளத்து வீடுகளிலிருந்து என்னிடம் வருவார்கள்.

போனில் இரண்டு சீட்டுகள் வைத்திருந்தார். ஒன்று அவர் வீட்டுக்காரருடையது, ஹம்ராஜ் என்கிற ராணுவ ஆப்பிலிருந்து இறக்கியது. இன்னொன்று அவர் பேட்ச்மேட்டுடையது. அந்தக் குடும்பம் ஆவடியில் வாடகைக்கு இருக்கிறது. இரண்டு பெண்களும் வாட்ஸப்பில் பேசிக்கொண்டிருந்தபோது வீட்டு வாடகைப்படி பற்றிப் பேச்சு வந்திருக்கிறது.

"இன்னாண்ணா இது? ரெண்டு பேரும் ஒண்ணா சேந்தவங்க, ஒரே ரேங்க்கு, ஒரே பேசிக்கு. அவங்களுக்குப் பதினோராயிரத்து நூறு, எங்களுக்கு மூவாயிரத்து எழுநூறு. வேலூர்ல இன்னா, அரிசியும் வாடகையும் சும்மாவா குடுக்கறான்?"

கணக்கில் தப்பு ஏதும் இல்லை, விதிப்படிதான் வந்திருக்கிறது என்றேன். அவர் முகத்தைப் பார்த்தபோது, தப்பு என்று சொல்லியிருந்தால் கூட நிம்மதியாகியிருப்பார் போலிருந்தது. தப்பு என்றால் திருத்தச் சொல்லலாம். விதியை என்ன செய்வது?

அதற்கு அப்புறம் ஒரு வாரம் இந்தக் கணக்கே என் மண்டையில் ஓடியது. யார் பெயரும் யூனிட்டும் இங்கே வேண்டாம்.

மூன்று வீடுகள்

இதில் மூன்றாவதாகவும் ஒரு குடும்பம் உண்டு. அந்தப் பெண்ணின் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையில் ஒரு தம்பி, அவரும் ஹவில்தார். அவர் குடும்பம் கணியம்பாடி பக்கம் கிராமத்தில் சொந்த வீட்டில் இருக்கிறது. அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் இருக்கிறது.

மூவருக்கும் பே லெவல் 5, அடிப்படைச் சம்பளம் 37,000. அதன் மேல் மிலிட்டரி சர்வீஸ் பே 5,200. மூவரும் இப்போது ஃபீல்டில். ஃபீல்ட் அலவன்சில் வித்தியாசம் இல்லை, அகவிலைப்படியிலும் இல்லை. பிள்ளைகள் படிப்புப்படி நாடு முழுக்க ஒன்றே: பிள்ளை ஒன்றுக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு, அதிகபட்சம் இரண்டு பிள்ளைகள். வித்தியாசம் ஒரே ஒரு வரியில்தான். ஃபீல்டுக்குப் போகும்போது குடும்பத்தை எங்கே வைக்கப்போகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தை எஸ்.பி.ஆர். என்பார்கள். வீட்டு வாடகைப்படி அந்த ஊரின் வகுப்புப்படி வரும்.

வகுப்பு மூன்று: எக்ஸ், ஒய், இசட். மக்கள்தொகை 50 லட்சமும் அதற்கு மேலும் இருந்தால் எக்ஸ். 5 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை ஒய். மிச்சமெல்லாம் இசட். ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு 2017 ஜூலையில் 24, 16, 8 சதவீதம் என்று ஆரம்பித்தது. அகவிலைப்படி 25 சதவீதத்தைத் தாண்டியதும் 27, 18, 9 ஆனது. 2024 ஜனவரியில் அது 50ஐத் தொட்டதும் 30, 20, 10 ஆனது. இந்தச் சதவீதம் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான். மிலிட்டரி சர்வீஸ் பே அகவிலைப்படிக்கும் பென்ஷனுக்கும் சேரும், வாடகைப்படிக்குச் சேராது. இது பலருக்குத் தெரிவதில்லை.

ஆவடிக் குடும்பம் சென்னைக் கணக்கில் எக்ஸ். 37,000க்கு 30 சதவீதம், 11,100. அவர்கள் கொடுக்கிற வாடகை 14,000. கையிலிருந்து போவது 2,900.

சத்துவாச்சாரிக் குடும்பம் இசட். படி 3,700, வாடகை 9,500. கையிலிருந்து 5,800.

கிராமத்துக் குடும்பமும் இசட். சொந்த வீடாக இருந்தாலும் படி உண்டு. 3,700 அப்படியே மிச்சம்.

ஆவடி வாடகை வேலூரை விடக் கூடுதல், அதில் சந்தேகமே இல்லை. சென்னைக்காரருக்கு ஏன் இவ்வளவு கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாடகையில் பத்தில் எட்டு பங்கைப் படியே கட்டிவிடுகிறது. வேலூர் வாடகையில் பத்தில் நாலு பங்குகூடத் தேறவில்லை. செலவு குறைவான ஊர் என்று சொல்லி ஒதுக்கிய ஊரில் இருப்பவர், செலவு அதிகமான ஊரில் இருப்பவரைப் போல இரண்டு மடங்கு கையைக் கடித்துக்கொள்கிறார்.

தலையை எண்ணுவதா, வாடகையை எண்ணுவதா

2011 கணக்கெடுப்பில் வேலூர் நகரத் திரளின் மக்கள்தொகை 4 லட்சத்து 80 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியது. ஐந்து லட்சத்துக்கு இருபதாயிரம் பேர்கூடக் குறையவில்லை. தமிழ்நாட்டில் கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஆறும் ஒய். வேலூர் வாசற்படி வரை போய்விட்டு இசட்டில் நின்றுவிட்டது. ஒய் ஆகியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு 7,400 வந்திருக்கும்.

அந்த எண்ணுக்குள் யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் இது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் கூட ஆட்களோடு வந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குகிறார்கள். காந்தி ரோடு பக்கம் போனால் வங்காள எழுத்தில் போர்டு, வங்காளச் சாப்பாடு, சந்துக்குச் சந்து லாட்ஜ். காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி. மாணவர்கள். இவர்களில் வந்து போகிற நோயாளிகள் வேலூர்வாசிகளாகக் கணக்கெடுப்பில் விழுவதில்லை. ஆனால் வாடகையை ஏற்றுவது இவர்கள்தான்.

அந்தப் பெண்ணின் வீட்டு ஓனர் நல்ல மனுஷர்தான். அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்: "மேல் போர்ஷனைப் பேஷன்ட்டுங்களுக்கு நாள் வாடகைக்கு வுட்டா எனக்கு மாசம் இருபதாயிரம் வரும்மா. பட்டாளத்துக்காரர் வூடு, கொழந்தைங்க கீதுன்னுதான் ஒன்பதரைக்கு வுட்டிருக்கேன்." கருணை பேசுகிற மாதிரி இருந்தாலும், அடுத்த வருஷ வாடகைக்கு அது முன்னறிவிப்பு. தலை எண்ணி வகுத்தால் இந்தச் சந்தை அந்த எண்ணில் தெரியவே தெரியாது.

அகவிலைப்படி இதைச் சரிக்கட்டாதா என்று கேட்கலாம். கட்டாது. அது அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து நாடு முழுக்க ஒரே சதவீதமாகப் போடுவது. விலை நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு ஏறியது என்று பார்க்கும். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்காது. ஊருக்கு ஊர் பார்க்கவென்று ஒரு படி தனியாக இருந்தது, நகர ஈட்டுப்படி. ஆறாவது சம்பளக் கமிஷன் அதை எடுத்துவிட்டுப் போக்குவரத்துப்படியோடு சேர்த்துவிட்டது. 2008 செப்டம்பரிலிருந்து அது இல்லை. போக்குவரத்துப்படியில் நம் ஹவில்தார் லெவலுக்குப் பெரிய நகரம் 19இல் 3,600, மற்ற இடங்களில் 1,800, அதன் மேல் அகவிலைப்படி. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பது சென்னையும் கோவையும்தான். அதுவும் வேலை செய்கிற இடத்தைப் பார்த்துத்தான், குடும்பம் இருக்கிற இடத்தைப் பார்த்து அல்ல. ஃபீல்டில் இருப்பவர் வீட்டுக்கு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை.

இன்னொரு ஓட்டை. 2017ல் கீழ்மட்டச் சம்பளக்காரர்களைக் காப்பாற்ற வாடகைப்படிக்குக் குறைந்தபட்சத் தொகை வைத்தார்கள்: எக்ஸுக்கு 5,400, ஒய்க்கு 3,600, இசட்டுக்கு 1,800. பதினெட்டாயிரத்துக்கு 30, 20, 10 சதவீதம் போட்டால் வருகிற தொகை அது. இப்போது விகிதமே 30, 20, 10 ஆகிவிட்டது. சிப்பாயின் ஆரம்ப அடிப்படையே 21,700. அதில் பத்து சதவீதம் 2,170. ஆக, அந்தக் குறைந்தபட்சம் காகிதத்தில் இருக்கிறது, யாரையும் தாங்கவில்லை. 2,170க்குச் சத்துவாச்சாரியில் பைக் நிறுத்த ஷெட் கிடைக்கும்.

என்னைக் கேட்டால் கோளாறு எல்லாம் இசட்டில்தான். கிராமத்து ஓட்டு வீடும் இசட், கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்து மாடி வீடும் இசட். இந்தப் பெண் குடும்பத்தோடு கிராமத்திலிருந்து சத்துவாச்சாரிக்கு வந்தபோது எஸ்.பி.ஆர். மாற்றத்துக்குப் பார்ட் டூ ஆர்டர், அதாவது அந்த மாற்றத்தை ரெக்கார்டில் பதிகிற உத்தரவு போட்டார்கள். அது ரெக்கார்டில் ஏற இரண்டு மாதம் இழுத்தது, இரண்டு மூன்று முறை போன் பண்ணிக் கேட்டார்கள். கடைசியில் ஏறியது. தொகை? அதே 3,700. கிராமத்தில் வாடகையே இல்லாமல் இருந்தபோதும் அதுதான், 9,500 கட்ட ஆரம்பித்த பிறகும் அதுதான்.

அட்ரஸ் மட்டும் மாற்றினால்?

இரண்டாவது தடவை வந்தபோது அவர் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "அம்பத்தூர்ல எங்க சித்தி கீறாங்கண்ணா. அவங்க அட்ரஸை எஸ்.பி.ஆர்.னு குடுத்தா ஆவாதா? நாங்க இங்கியே இருந்துக்கறோம்."

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. சர்வீஸில் இருக்கும்போது என் மேஜைக்கு இது பல ரூபத்தில் வந்திருக்கிறது. மச்சான் வீடு, மாமனார் வீடு, ஒரு தடவை பூட்டிக் கிடந்த வீடு ஒன்றுக்கே வாடகை ரசீது. ஆகாது என்று சொன்னேன். பொய்ச் சான்று கொடுத்து அரசுப் பணம் வாங்கியதாக ஆகிவிடும். பிடிபட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு நிற்காது. பதினெட்டு வருஷ சர்வீஸ், வரப்போகிற நாயப் சுபேதார் ப்ரமோஷன், பென்ஷன் எல்லாவற்றுக்கும் மாதம் 7,400 ஈடாகாது.

"நானும் சும்மாதாண்ணா கேட்டேன்" என்றார். சும்மா கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேர்மையான ஒரு குடும்பத் தலைவியை இந்தக் கேள்வி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தது அந்த இருபதாயிரம் தலைகள்தான் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

நேர்வழிகளும் இருந்தன. ஃபீல்டில் இருப்பவர்களின் குடும்பத்துக்கென்று சில ஸ்டேஷன்களில் குவார்ட்டர்ஸ் உண்டு. ஆனால் வேலூரில் அந்த வசதி இல்லாததால் சென்னைக்கோ பெங்களூருக்கோ மனுப் போட்டுவிட்டு வெயிட்டிங் லிஸ்டில் நிற்க வேண்டும். நிஜமாகவே ஆவடிக்குப் போய்விடலாம். அதற்கு அட்வான்ஸ், ஸ்கூல் மாற்றம் எல்லாம் பார்க்க வேண்டும். வயசான மாமியாரை யார் பார்ப்பது? கிராமத்துக்கே திரும்பிவிட்டால் பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் போக வர இரண்டு மணி நேரம். நிறைய யோசித்துவிட்டு அவர் எதையும் செய்யவில்லை.

பேட்டா

வேலூரும் சிப்பாய்களும் என்றால் எல்லோருக்கும் 1806 ஜூலை 10 தான் ஞாபகம் வரும். கோட்டையில் நடந்தது தலைப்பாகையும் திருநீறும் தாடியும் சம்பந்தப்பட்ட மானப் பிரச்சினை. படிக்காகவும் சிப்பாய்கள் முரண்டு பிடித்திருக்கிறார்கள். கம்பெனிக் காலத்தில் சொந்தப் பிரதேசத்தைத் தாண்டிப் போனால் கூடுதல் பட்டா (நிலப் பட்டா அல்ல, batta என்கிற படி) உண்டு. நாம் இன்றைக்கு டிரைவருக்குக் கொடுக்கிற பேட்டா அந்தச் சொல்தான். 1843ல் சிந்து கம்பெனி வசமானது. இனி அது வெளிநாடு இல்லை, நம் நாடு என்று சொல்லிப் பட்டாவை நிறுத்தினார்கள். பாலைவனத்து வெயிலும் காய்ச்சலும் அப்படியே இருந்தன, வரைபடத்தில் நிறம் மட்டும் மாறியது. 1844ல் வங்காளப் படையின் சில ரெஜிமென்ட்டுகள் அங்கே போக மறுத்தன. 34வது ரெஜிமென்ட்டைக் கலைத்தே விட்டார்கள்.

கோடு போடுகிறவருக்கு ஊர் தெரியாது என்கிற சங்கதி அப்போதே இருந்திருக்கிறது.

நம் காலத்திலும் கோடு ஒரு பெரிய சண்டையைக் கிளப்பியது. வடகிழக்கில் போஸ்டிங் ஆகிற மத்திய அரசின் சிவிலியன்களுக்குச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று சிறப்புப் பணிப்படி உண்டு. சியாச்சினில் இருக்கும் அதிகாரிக்கு ஏழாவது கமிஷன் பரிந்துரைத்தது மாதம் 31,500. குவாஹாட்டி மாதிரி ஊரில் இருக்கும் மூத்த சிவிலியன் அதிகாரிக்குச் சதவீதக் கணக்கில் அதைவிட அதிகம் போகிறது என்று ஆயுதப்படைகள் சுட்டிக்காட்டின. 2017ல் அரசு சியாச்சின் படியை அதிகாரிகளுக்கு 42,500, ஜவான்களுக்கு 30,000 என்று உயர்த்தியது. ஜவான்களுக்கு அதற்கு முன்பு 14,000. எடுத்துச் சொன்னால் மாறும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் சியாச்சின் என்றால் நாடே திரும்பிப் பார்க்கும். சத்துவாச்சாரி வாடகைக்கு எந்த டிவியில் விவாதம் நடக்கும்?

அமெரிக்க ராணுவத்தில் வேறு மாதிரி. அங்கே வீட்டுப்படி மக்கள்தொகையைப் பார்ப்பதில்லை. வேலை செய்கிற இடத்தின் அஞ்சல் குறியீடு, ரேங்க், குடும்பம் உண்டா இல்லையா, அந்த வட்டாரத்தில் வாடகை என்ன என்று வருஷா வருஷம் பார்த்துப் போடுகிறார்கள். வாடகை தவிர்த்த செலவு தேசிய சராசரியை விட ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் கூடுதலாக இருக்கிற இடங்களுக்குத் தனியாக வாழ்க்கைச் செலவுப்படி. அங்கும் புகார் இல்லாமல் இல்லை, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் முணுமுணுக்கத்தான் செய்வான். ஆனாலும் முணுமுணுப்பு வாடகையைப் பற்றியதாக இருக்கும்.

நம்மிடம் வாடகை விவரம் இல்லாமலும் இல்லை. விலைக் குறியீட்டுக்காகத் தொழிலாளர் பணியகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு வாடகைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. அந்த முறையை ராணுவக் குடும்பங்கள் நிறைய வாடகைக்கு இருக்கிற ஊர்களுக்கும் நீட்டினால் போதும். அது முடியாது என்றால் இசட்டை இரண்டாக வெட்டி, மாநகராட்சிகளை மட்டும் தனியாக ஒரு படி மேலே ஏற்றலாம். அடுத்த கணக்கெடுப்பு வந்தால் வேலூர் தானாக ஒய் ஆகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆகலாம். 2021ல் நடக்க வேண்டியது 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி ஊர்களை மறுபடி வகைப்படுத்தி அமலுக்குக் கொண்டுவர 2015 ஏப்ரல் ஆனது. அதே வேகம் என்றால் அந்தப் பெண்ணின் மூத்தவன் அதற்குள் காலேஜுக்குப் போயிருப்பான்.

எட்டாவது சம்பளக் கமிஷனின் ஆய்வு வரம்புகளுக்கு 2025 அக்டோபர் 28 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தலைவர் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய், அவகாசம் 18 மாதம். மூன்று வீட்டுக் கணக்கையும் ஒரே தாளில் எழுதி முன்னாள் ராணுவத்தினர் சங்கத்து ஆட்களிடம் கொடுத்திருக்கிறேன். "சம்பளத்தை ஏத்தச் சொல்லிக் கேக்காம, கோட்டை மாத்தச் சொல்லிக் கேக்கறியே" என்று ஒரு சுபேதார் சார் கிண்டல் செய்தார். ஆனாலும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தீபாவளி முடிந்து அந்தப் பெண் மறுபடி வந்தார், கையில் அதிரசம். அகவிலைப்படி ஜூலையிலிருந்து 55 சதவீதத்திலிருந்து 58 ஆகியிருந்தது, அரியரோடு வந்துவிட்டதாம். மாதத்துக்கு எவ்வளவு கூடும் என்று கேட்டார். 37,000, அதோடு 5,200, மொத்தம் 42,200க்கு மூன்று சதவீதம். 1,266 என்றேன்.

ஜனவரியிலிருந்து வாடகையை ஆயிரம் ஏற்றப்போவதாக ஓனர் சொல்லிவிட்டாராம். ஸ்கூல் வேன்காரர் முன்னூறு. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"முப்பத்தி நாலு ரூபா துண்டு வுழுதே, அண்ணா."